சேலத்து வீட்டில் கடற்கரை ஸ்டைல் கன்சோல் டேபிள்: எதை வைக்கலாம், எதை எடுத்துவிடலாம்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சேலம் அழகாபுரத்தில் புது வீடு. தலைவாசல் கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவரோரம் ஆசாரி செய்து கொடுத்த தேக்கு கன்சோல் டேபிள். நீளம் நாலரை அடி, அகலம் 14 அங்குலம், உயரம் 30 அங்குலம், அடர்ந்த பழுப்பில் பாலிஷ். அதைக் கடற்கரை ஸ்டைலில் அலங்கரிக்க வேண்டும். ராமேஸ்வரத்தில் வாங்கிய ஒரு பெட்டி சிப்பி, அதற்குள் ஒரு வெள்ளைப் பவளத் துண்டு, ஆன்லைனில் வந்த ரெசின் நட்சத்திர மீன், ஒரு நங்கூரம், ‘பீச்’ என்று எழுதிய பலகை ஆகியவை கைவசம் இருக்கின்றன. மாமியார் அந்த மேசையில் சங்கு வைக்கச் சொல்கிறார். ஏற்காட்டில் விருந்தினருக்கு வாடகைக்கு விடும் சின்ன வீட்டிலும் இதையே செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கைவசம் உள்ளதில் முக்கால்வாசியை எடுத்து வைத்துவிடுங்கள் என்பதுதான் என் முதல் பதில். நங்கூரமும் பலகையும் மேசைக்கு வரவே வேண்டாம். ‘இது கடற்கரை’ என்று எழுதிக் காட்ட வேண்டிய நிலைமை வந்தால், மற்ற எதுவும் அதைச் சொல்லவில்லை என்றுதான் பொருள். ரெசின் நட்சத்திர மீனைக் குழந்தைகளிடம் கொடுத்துவிடலாம்.

அடுத்து, எந்தக் கடல் என்று தீர்மானிக்க வேண்டும். சேலத்தில் இந்த வேலைக்கு என்னைக் கூப்பிடுகிறவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்பேன். நீங்கள் செல்போனில் பார்த்துச் சேர்த்து வைத்திருக்கும் படங்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையைச் சேர்ந்தவை: கேப் காட், லாங் ஐலண்டின் ஹாம்ப்டன்ஸ். அங்கே குளிர்காலம் நீளம், வெயில் சாய்ந்தே விழும். வீட்டுக்குள் வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் நாலா பக்கமும் சிதறடிக்க வேண்டும் என்பதால் சுவர், தரை, மேசை எல்லாவற்றிலும் வெள்ளை பூசினார்கள். மழையிலும் உப்புக் காற்றிலும் நரைத்துப் போன மரம் அந்த ஊர் வீடுகளின் வெளிச்சுவரிலேயே இருக்கிறது. அதைத்தான் மேசைக்கும் கொண்டு வந்தார்கள். வெள்ளையில் நீலக் கோடு போட்ட துணி 1858-இல் பிரெஞ்சுக் கடற்படை மாலுமிகளுக்குச் சீருடையாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் அந்தந்த ஊரில் ஒரு காரணம் உண்டு.

சேலத்தில் நமக்கு இருப்பது நேர் எதிரான பிரச்சினை. மாசியிலிருந்தே வெளிச்சம் அளவுக்கு மீறி அடிக்கிறது. அந்த வெளிச்சத்தில் வெள்ளை மேசையை வெள்ளைச் சுவரில் ஒட்டிப் போட்டால் குளிர்ச்சி வராது, கண் கூசும். நாம் பார்க்க வேண்டியது நம் கிழக்குக் கரை வீடுகளை. தரங்கம்பாடி, நாகப்பட்டினம், காரைக்கால், புதுச்சேரி எங்கே போனாலும் பழைய வீடுகளில் ஒரே முறைதான்: தடித்த சுவர், அதில் சுண்ணாம்பு வெள்ளை, அதற்கு எதிராகக் கறுத்த தேக்குத் தூணும் கதவும், கீழே சிவப்புத் தரை. வெளியே கொதிக்கும் மணலிலிருந்து உள்ளே வந்தவருக்கு நிழல் வேண்டும். அந்த நிழலை மரம் கொடுக்கிறது, சுவர் வெளிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. 1620-இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக் குடியேறியபோது அவர்களும் இந்த வெயிலுக்கு இணங்கித்தான் வாழ வேண்டியிருந்தது.

ஆகவே உங்கள் மேசை ஏற்கெனவே கடற்கரை மேசைதான். அதன் நிறத்தை மாற்ற வேண்டாம். பின்னால் இருக்கும் சுவரை மாற்றுங்கள்.

‘இல்லை, வெளுத்த மரம்தான் வேண்டும்’ என்று பிடிவாதமாக இருந்தால் செய்முறையைச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தெரியாதவர் கையில் கொடுத்தால் நல்ல தேக்கு வீணாகிவிடும். நேரடியாக எனாமல் பெயின்ட் அடித்துவிடுவார்கள். அப்புறம் அது தேக்கா பிளைவுட்டா என்று யாருக்கும் தெரியாது. பழைய பாலிஷை முழுவதும் எடுக்க வேண்டும். முதலில் 100 அல்லது 120 நம்பர் உப்புத்தாள், பிறகு 220, இரண்டுமே மரத்தின் ரேகை ஓடும் திசையில். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால் தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும். அதன்மேல் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லியதாக ஒரு கை. இந்தக் கையைத் தவறவிட்டால் மரத்தின் சாயம் மேலே கசிந்து வெள்ளை சில வாரங்களில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறிவிடும். வேங்கை மரமாக இருந்தால் இந்தக் கசிவு இன்னும் மோசமாக இருக்கும். அரக்கு காய்ந்ததும் லேசாகத் தேய்த்துவிட்டு, வெள்ளை எமல்ஷனில் சம அளவு தண்ணீர் கலந்து பூசி, ஈரம் காய்வதற்குள் பழைய வேட்டித் துணியால் ரேகையோடு இழுத்துத் துடைக்க வேண்டும். குழிந்த ரேகைகளில் வெள்ளை தங்கும், மேடுகளில் மரம் தெரியும். போதவில்லை என்றால் இன்னொரு கை. கடைசியில் தண்ணீரில் கரையும் மேட் பாலியூரித்தேன் இரண்டு கை. மெலமைன் பாலிஷ் வேண்டவே வேண்டாம். அது நாளாக ஆக மஞ்சள் பூக்கும்.

சித்திரை வெயிலில் இந்த வேலையைப் பகலில் செய்யச் சொல்லாதீர்கள். தண்ணீர் கலந்த பூச்சு, துடைப்பதற்குள் காய்ந்து திட்டுத் திட்டாக நின்றுவிடும். விடியற்காலையில், ஒரு நேரத்தில் ஒரு பலகை என்று போக வேண்டும். எதற்கும் முன்னால் மேசையின் அடிப்பக்கத்தில் ஒரு சாண் அளவுக்குச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சாண் அளவைப் பார்த்த பிறகு, பாதிப் பேர் ‘பாலிஷே இருக்கட்டும்’ என்பார்கள்.

சுவருக்கு வருகிறேன். மேசைக்குப் பின்னால் உள்ள அந்த ஒரு சுவருக்கு மட்டும் கிளிஞ்சல் சுண்ணாம்பு அடித்தால் அதற்கு ஈடே இல்லை. கடலோர ஊர்களிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் பூச்சுக்குப் பயன்பட்டது இதுதான்: கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, நீற்றி, ஊறவைத்து வடிகட்டியது. சொல்லப்போனால், மேசைமேல் பரப்பாமலே சிப்பியை வீட்டுக்குள் கொண்டு வரும் வழி இது. பூசும்போது கலங்கலாக, சுவரே தெரிவது போல இருக்கும். காய்ந்து காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும்போதுதான் வெள்ளை ஏறும். பிளாஸ்டிக் எமல்ஷன் மாதிரி மொழுமொழுவென்று இல்லாமல், அருகில் போய்ப் பார்த்தால் மேகம் மாதிரி ஏற்ற இறக்கம் தெரியும்.

ஆனால் ஒரு நிபந்தனை. பட்டி பார்த்து எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது, பொருக்காக உதிரும். சிமென்ட் பூச்சு தெரியும் வரை அந்த இடத்தைச் சுரண்டி, சுவரை நனைத்துவிட்டு, தண்ணீர் போலக் கரைத்த சுண்ணாம்பை மூன்று கை, ஒன்று நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் அடிக்க வேண்டும். கண்ணில் தெறித்தால் ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொண்டே வேலை செய்யட்டும். புது வீட்டைச் சுரண்ட மனம் வராது என்பது புரிகிறது. அப்படியானால் மினுமினுப்பே இல்லாத மேட் எமல்ஷனில், பாலில் ஒரு சொட்டு டிகாக்‌ஷன் விழுந்தது போன்ற வெள்ளை. நீலம் கலந்த வெள்ளையை எடுக்காதீர்கள். கடையில் அட்டையைப் பார்க்கும்போது அழகாக இருக்கும், சேலத்து மத்தியான வெயிலில் ஆஸ்பத்திரி வார்டு ஆகிவிடும்.

சுவரில் மாட்ட வேண்டியது ஒன்றே ஒன்று. படமோ கண்ணாடியோ, இரண்டில் எது என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். தலைவாசலுக்கு நேர் எதிரில் கண்ணாடி ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் வேறு காரணமும் உண்டு: வாசல் மேற்குப் பார்த்ததாக இருந்தால், நாலு மணி வெயில் கண்ணாடியில் பட்டு உள்ளே வருகிறவர் முகத்தில் அடிக்கும். வாசலுக்கு நேரே இல்லாமல் பக்கச் சுவரில் மேசை இருந்திருந்தால் கண்ணாடியைத்தான் சொல்லியிருப்பேன். 24 அங்குல வட்டக் கண்ணாடியைச் சுற்றி அரை அங்குலத் தடிமன் தேங்காய்நார்க் கயிற்றை மூன்று சுற்று ஒட்டினால் போதும். அதற்கு 20 அடி கயிறு பிடிக்கும்.

உங்கள் இடத்துக்குப் படம்தான். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கடற்கரையில் நிற்கும்போது அடிவானக் கோடு எப்போதும் நம் கண் மட்டத்தில்தான் தெரியும். உட்கார்ந்தால் அதுவும் கூடவே இறங்கும், எழுந்தால் ஏறும். சுவரில் மாட்டும் கடல் படத்தில் அந்தக் கோடு கண் மட்டத்தில் இருந்தால், பார்க்கிறவர் உடம்பு அதைக் கடலாகவே எடுத்துக்கொள்ளும். ஓர் அடி மேலேயோ கீழேயோ போனால் வெறும் காலண்டர் படம். நின்று பார்ப்பவரின் கண் மட்டம் தரையிலிருந்து சுமார் 58 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 30 அங்குல உயரப் படத்தில் அடிவானம் கீழிருந்து 20 அங்குலத்தில் வரும்படி எடுத்தால், படத்தின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 38 அங்குலத்தில் நிற்கும். மேசை 30. நடுவில் 8 அங்குல இடைவெளி, அது சரியான அளவு. அதாவது படத்தில் மேலே மூன்றில் ஒரு பங்கு வானம், கீழே இரண்டு பங்கு தண்ணீரும் மணலும். இணையத்தில் கிடைக்கும் சூரிய உதயப் படங்களில் பெரும்பாலும் இது தலைகீழாக, வானம் நிறைந்து இருக்கும். அடுத்த முறை தரங்கம்பாடிக்கோ கடலூர் சில்வர் பீச்சுக்கோ போகும்போது, வெயில் ஏறாத காலை நேரத்தில், ஆளில்லாத கரையை நீங்களே போனில் எடுங்கள். மேட் காகிதத்தில் அச்சிட்டு, முன்னால் கண்ணாடி இல்லாமல் சட்டம் போடச் சொல்லுங்கள். கண்ணாடி போட்டால் கடலுக்குப் பதில் உங்கள் தலைவாசல்தான் அதில் தெரியும். படத்தின் அகலம் மேசை நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்ட வேண்டாம்.

இப்போது அந்தச் சிப்பிப் பெட்டி. பவளத் துண்டைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் பவளங்கள், கடல் விசிறி, கடல் குதிரை, சில சங்கு சிப்பி வகைகள் சேர்க்கப்பட்டன. புலிக்கு எந்த அட்டவணையோ அதே அட்டவணை. பிடிப்பது, விற்பது மட்டுமல்ல, உரிய அனுமதி இல்லாமல் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். கடற்கரைக் கடையில் வெளிப்படையாக விற்கிறார்களே என்று நினைக்கலாம். விற்கிறார்கள் என்பதால் அது சட்டப்படி சரி ஆகிவிடாது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத் திட்டுகளைக் காக்கத்தான் 1986-இல் கடல்வாழ் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அந்தப் பவளத் துண்டை மேசையில் வைத்துப் படமெடுத்துப் போடாதீர்கள். மாவட்ட வன அலுவலகத்தில் விவரம் சொல்லி ஒப்படைத்துவிடுவது நல்லது. உள்ளே அறை அறையாகப் பிரிந்திருக்கும் நாட்டிலஸ் ஓடு பெட்டியில் இருந்தால் அதற்கும் இதே பதில்.

பவளத்தின் இடத்தில் வைக்க நம் ஊரிலேயே ஒரு பொருள் இருக்கிறது. யாரும் அதை அப்படிப் பார்ப்பதில்லை. ஏற்காடு அடிவாரம் போகிற வழியில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் மேக்னசைட்தான் அது. வெள்ளைக்கல் என்கிறோம். வெள்ளைக்காரர்கள் பார்த்துவிட்டுச் சுண்ணக் குன்றுகள் என்று பெயர் வைத்தார்கள். சுண்ணமும் இல்லை ஒன்றும் இல்லை, மெக்னீசியம் கார்பனேட். உலைச் செங்கல் செய்யப் போகிற கல். பீங்கான் மாதிரி வெளுத்து, காலிஃபிளவர் போல முண்டு முண்டாக இருக்கும் ஒரு கட்டியைப் பெட்டியில் உள்ள பவளத்தோடு வைத்துப் பாருங்கள், தூரத்திலிருந்து வித்தியாசம் கண்டுபிடிப்பது சிரமம். சுரங்கப் பகுதிக்குள் போய்ப் பொறுக்க வேண்டாம், அது அத்துமீறல். அந்தப் பக்கம் சொந்த நிலம் வைத்திருக்கும் உறவினர், தெரிந்தவர் யாராவது இருந்தால் கிணறு வெட்டியபோதோ அஸ்திவாரம் தோண்டியபோதோ வந்தது கிடைக்கும். இரண்டு கையால் தூக்குகிற அளவில் ஒன்று போதும். தண்ணீரும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவுங்கள். ஆசிட் ஊற்றாதீர்கள், மேல் தோல் அரித்துப் பளபளப்பு போய்விடும்.

மற்ற சிப்பிகளைச் சுத்தம் செய்வதும் அப்படியே. சிப்பி முழுக்கச் சுண்ணாம்புச் சத்து. வினிகரும் எலுமிச்சையும் பட்டால் கரையும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றினால் உப்பு இறங்கிவிடும். நாற்றம் போகவில்லை என்றால் உள்ளே சதை காய்ந்து ஒட்டியிருக்கிறது என்று பொருள். பிளீச்சிங் கரைசலில் சிறிது நேரம் போட்டு எடுத்துக் கழுவுங்கள். பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், சில நாளில் சிக்கு வாடை வரும், தூசியும் அப்பும். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஒரு துளி போதும்.

சுத்தம் செய்த பிறகு அதில் எத்தனையை வைப்பது? பெட்டியில் மிகப் பெரியது எதுவோ அந்த ஒன்றை. கண்ணாடி ஜாடியில் மணல் போட்டு மேலே சிப்பி பரப்புவதைப் பலரும் செய்கிறார்கள். எனக்கு அது லாட்ஜ் வரவேற்பறையைத்தான் நினைவுபடுத்துகிறது. கடல் மணலில் உப்பு இருப்பதால் மழைக்காலத்தில் ஈரம் இழுத்து ஜாடி வியர்க்கும் என்பது வேறு.

மாமியார் கேட்கும் சங்கு. அவர் சொல்வது சரி, இடம்தான் சரியில்லை. உங்கள் மேசையின் கீழ்த்தட்டில் செருப்பு ஸ்டாண்ட் வைக்கும் யோசனை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பூஜைக்குரிய சங்கை அதற்கு மேலே வைக்க அவர் ஒருக்காலும் ஒப்ப மாட்டார், ஒப்பவும் கூடாது. செருப்பை வெளியே திண்ணைப் பக்கம் கொண்டு போனால் சங்கு வரலாம். அப்படி வந்தால் மேலே சொன்ன பெரிய சிப்பி வேண்டாம்; அவருடைய சங்கே அந்த ஒரு பொருள். நீரில் கழுவிய வெள்ளைச் சங்கு, அதன் மரத் தாங்கியோடு, கறுத்த தேக்கின்மேல், சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால். இதைவிடக் கடற்கரை ஸ்டைல் என்று எதைச் சொல்வது? ஊதுபத்தியை மட்டும் இங்கே ஏற்ற வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், சுவரில் புகை படியும்.

இதோடு ஓர் உருளி. வெண்கல உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடுவது நம் வீட்டு வாசலில் பழகிய விஷயம்தான். கடற்கரை மேசையில் பூவைக் குறைத்து, வெறும் தண்ணீராக விட்டுப் பாருங்கள். கதவு திறக்கும்போது உள்ளே வரும் வெளிச்சம் தண்ணீரில் பட்டுச் சுவரில் ஆடும். 14 அங்குல மேசைக்கு 10 அங்குல விட்டத்துக்கு மேல் உருளி போனால் போகிற வருகிறவர் இடுப்பு இடிக்கும். தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும், முட்டை விளிம்பில்தான் ஒட்டியிருக்கும்.

சாவி, சில்லறை போட ஒரு பனையோலைக் கொட்டான். இது இல்லாவிட்டால் நாலே நாளில் மேசை முழுக்கச் சாவியும் கரண்ட் பில்லும் ஹெல்மெட்டும்தான் இருக்கும். பனை நம் கரையோர மரம், தனியாகத் தீம் எதுவும் தேடிப் போக வேண்டாம்.

விளக்கு: 24 முதல் 26 அங்குல உயரத்தில் பருத்தித் துணிக் கூடு போட்ட ஒன்று, மேசையின் ஒரு ஓரத்தில், உருளிக்கு எதிர்ப்பக்கம். பல்பு 2,700 கெல்வின், வார்ம் ஒயிட். ஹாலில் எரியும் வெள்ளை டியூப் லைட்டை அணைத்துவிட்டு இதை மட்டும் போட்டால்தான் சாயங்காலம் சுவரின் ஏற்ற இறக்கம் தெரியும்.

துணி வேண்டுமா என்றால், மரம் நன்றாக இருக்கும்போது அதை மூடாமல் விடுவதே என் விருப்பம். நீலம் எங்கேயாவது வந்தே ஆக வேண்டும் என்றால் மேசைமேல் போடாமல் மேசைக்கு முன்னால் தரையில் போடுங்கள். பக்கத்திலேயே பவானி இருக்கிறது. பவானி ஜமுக்காளம் என்றாலே பட்டை பட்டையான கோடுதான், புவிசார் குறியீடு பெற்றது. கடையில் முன்னால் தொங்குவது சிவப்பும் பச்சையும் கலந்ததாக இருக்கும். வெள்ளையில் நீலம் மட்டும் ஓடுகிறதாகக் கேட்டு, மேசை நீளத்துக்குக் குறையாத ஒன்றாகப் பார்த்து வாங்குங்கள். பிரெஞ்சு மாலுமிச் சட்டைக் கோட்டை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. சேலத்தில் வாசல் திறந்தே இருக்கும் வீடு என்றால் மேசையில் இருப்பதை எல்லாம் தினம் எடுத்துத் துடைக்க வேண்டும். மீன் வலை, சணல் முடிச்சு, உலர்ந்த புல், நார்க் கொத்து, இவையெல்லாம் தூசியைப் பிடித்தால் விடாது. படத்தில் பார்க்கும்போது ஆசையாக இருக்கும். பங்குனி முடிவதற்குள் எல்லாம் ஒரே மண் நிறம். துடைக்க முடியாத எதுவும் இந்த மேசைக்கு வேண்டாம். அந்தக் கணக்கில் பார்த்தாலும் சங்கு, கல், உருளி, கொட்டான், விளக்கு என்று ஐந்து பொருளோடு நிற்பது நல்லது. எல்லாவற்றையும் ஒரே இடைவெளியில் வரிசையாக அடுக்காமல், சங்கையும் உருளியையும் ஒரு பக்கம் சேர்த்து, நடுவில் ஒன்றரை அடியாவது வெறும் மரமாக விடுங்கள்.

இனி ஏற்காடு. அங்கே இதையே செய்யலாமா என்றால், கூடாது. கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். பாதி வருடம் மூடுபனியும் சாரலும். சேலத்தில் வெளிச்சம் மிகுதி, அங்கே பஞ்சம். உங்கள் அமெரிக்கப் படங்கள் உண்மையில் அந்த வீட்டுக்குத்தான் பொருந்தும், வெளுத்த மரம் உட்பட. ஆனால் நீலத்தை விட்டுவிடுங்கள். பனி மூட்டத்தின் வெளிச்சமே நீலச் சாம்பலாக இருக்கும். அதில் நீலப் பொருள் செத்துப்போய்த் தெரியும். மணல் நிறம், கோரைப்பாய் நிறம், மங்கிய வெள்ளை, இவை போதும். கண்ணாடியை அங்கே மாட்டுங்கள், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில்.

மேசைக்கு மரம் வாங்குவதாக இருந்தால் சில்வர் ஓக் கேளுங்கள். காபிக்கு நிழலுக்காக எஸ்டேட் எஸ்டேட்டாக நட்டிருக்கும் மரம்தான். வெளிர் நிறம், புள்ளி புள்ளியாக மினுக்கும் ரேகை, வெள்ளைப் பூச்சை அழகாக வாங்கிக்கொள்ளும். போரிக் ஆசிட், போராக்ஸ் கரைசலில் பதப்படுத்திய பலகைதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வண்டு மாவாக்கிவிடும். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகை வேண்டாம், ஒரு மழைக்காலம் தாங்காமல் உப்பும்.

கடல் ஒதுக்கிய மரக்கட்டை என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அதற்கு ஏற்காட்டில் அவசியமே இல்லை. வயதான காபிச் செடியைப் பிடுங்கினால் வரும் தண்டும் வேரும் திருகித் திருகி, மரப்பட்டையை உரித்துவிட்டால் அலையில் அடிபட்டு வந்தது போலவே இருக்கும். எஸ்டேட்டில் கேட்டால் விறகு விலைக்குக் கிடைக்கும். ஒன்று மட்டும் பார்க்க வேண்டும். அராபிகா வகைக் காபிச் செடியைத் தாக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு அதில் இருக்கலாம். தாக்கிய செடியைப் பிடுங்கி எரித்துவிடுவதுதான் தோட்டக்காரர் வழக்கம், வைத்திருந்தால் வண்டு வெளியே வந்து அடுத்த செடிக்குப் போகும். தண்டைச் சுற்றி மேடு மேடாக வரம்பு தெரிந்தாலோ துளை தெரிந்தாலோ எடுக்காதீர்கள். நல்லதாகத் தெரிவதையும் பத்து நாள் தண்ணீரில் முழுக அமிழ்த்தி வைத்து, பட்டையை உரித்து, வெயிலில் காயவிடுங்கள். மேலே எதுவும் பூச வேண்டாம்.

மற்றபடி சங்கும் சிப்பியும் ஏற்காட்டு வீட்டுக்கு வேண்டாம். ஈரத்தில் உப்பு கசிந்து வாடை வரும், விருந்தினர் பையில் போட்டுக்கொண்டு போவதும் நடக்கும். தேங்காய்நார், சணல், கோரை எல்லாம் பூஞ்சை பிடிக்கும். பிரம்பு ஓரளவுக்குத் தாங்கும். மேசையைச் சுவரில் ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளிப் போடச் சொல்லுங்கள், பின்னால் காற்று ஓடினால்தான் சுவர் ஈரம் மரத்துக்கு வராது. இரும்பு விளக்குத் தண்டு துருப்பிடிக்கும், பீங்கான் எடுங்கள். ஜன்னல் பக்கத்தில் கிண்ணத்தில் எது வைத்தாலும் குரங்கு வந்து கொட்டிப் பார்க்கும், அதனால் அங்கே ஒரே ஒரு கனமான பொருள், அந்தக் காபி வேர்க்கட்டை, அது போதும்.

செலவை எப்படிப் பிரிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். அழகாபுரத்தில் பெரும்பங்கு சுவருக்கும் படத்துக்கும் போகட்டும், அடுத்தது விளக்கு. சங்கு வீட்டிலேயே இருக்கிறது, கல் சும்மா வரும். சுவர் வேலை தூசி கிளப்பும், ஆகவே அதை முடித்துவிட்டு மேசையை உள்ளே கொண்டு வாருங்கள். படத்துக்கு ஆணி அடிப்பதற்கு முன் அதே அளவில் ஒரு செய்தித்தாளை ஒட்டி, வீட்டில் உயரமானவர், குள்ளமானவர் இரண்டு பேரையும் வாசலில் நிற்க வைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். 58 அங்குலம் என்று நான் சொன்னது உங்கள் வீட்டில் ஓர் அங்குலம் கூடலாம், குறையலாம்.